பம்புசெட் அறையில் பூச்சி மருந்து கேன் உடைந்து கொட்டிவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவலாமா? அவசரம்

பவானிப் பாசனம்:
எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். பம்புசெட் அறையில் மேல் பலகையில் வைத்திருந்த 5 லிட்டர் குளோர்பைரிபாஸ் 20 இ.சி. (தண்ணீரில் கலந்து தெளிக்கும் எண்ணெய்க் கரைசல்) கேன் விழுந்து அடியில் விரிசல் விட்டுவிட்டது. பாதிக்கு மேல் சிமென்ட் தரையில் பரவி, வாசற்படி தாண்டி வெளி மண்ணிலும் இறங்கியிருக்கிறது. சற்றுத் தள்ளி வடிகால் ஓடுகிறது, அது பவானி ஆற்றில்தான் போய்ச் சேரும். கிணறும் பக்கத்திலேயே. அறைக்குள் யூரியா மூட்டைகளும் ஒரு விதைநெல் மூட்டையும் உள்ளன. மண்ணெண்ணெய் போலக் கடும் நெடி. மேகம் வேறு கட்டியிருக்கிறது. குழாயைப் போட்டுக் கழுவித் தள்ளிவிடலாம் என்கிறார் அப்பா. சரியா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
தம்பி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட வேண்டாம். அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

குளோர்பைரிபாஸ் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மண்ணில் பட்டால் அங்கேயே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இ.சி. மருந்தில் அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருளும் சேர்ந்திருக்கிறது. தெளிப்பானில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிறதே, அது இதனால்தான். நீங்கள் குழாயைத் திறந்தால் தரையிலும் அதேதான் நடக்கும்: இப்போது ஓரிடத்தில் கிடக்கும் மருந்து வெள்ளையாகக் கலங்கி வடிகாலுக்கு ஓடும். மீன்களுக்கு இது கொடிய நஞ்சு, மிகச் சிறிய அளவே போதும்.

ஆகவே முதல் வேலை, வாசலுக்கும் வடிகாலுக்கும் நடுவே மண்வெட்டியால் ஒரு சாண் உயரத்துக்கு மண் வரப்பு போடுவது. கிணற்றுப் பக்கமும் அப்படியே. மழை வந்துவிடும் போலிருந்தால் வெளியே நனைந்த மண்ணின் மேல் தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் மண் ஏற்றுங்கள். குழந்தைகள், ஆடு, கோழி எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கேனில் மிச்சம் இருந்தால் விரிசல் மேலே வரும்படி திருப்பி, பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்துங்கள்.

மோட்டார் மெக்கானிக்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நெடி, மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெயின் நெடி. தீப்பிடிக்கக் கூடியது. அறையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், ஸ்டார்ட்டரில் பொறி பறக்கும். உள்ளே எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே மெயின் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பீடி, தீப்பெட்டி கிட்டவே வேண்டாம்.

பவானிப் பாசனம்:
வெளி மெயினை நிறுத்திவிட்டோம், வரப்பும் போட்டாயிற்று. இனி அள்ள வேண்டும். அப்பா வெறுங்காலோடு உள்ளே போய் வந்துவிட்டார். இலேசாகத் தலை சுற்றுகிறது என்கிறார்.

கிராமச் செவிலியர்:
அள்ளுவது இருக்கட்டும், முதலில் அப்பாவைப் பாருங்கள். அந்த உடைகளைக் கழற்றிவிட்டுக் கால், கைகளைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். உதவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கழுவும் இடம் வடிகாலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். இந்த வகை மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும். தலைசுற்றல் தொடங்கிவிட்டதால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குவது, தசை துடிப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். கேனின் லேபிளைப் படம் எடுத்துக் கையில் வைத்திருங்கள், மருத்துவருக்கு அதுதான் முதல் தேவை. தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

பவானிப் பாசனம்:
மருத்துவமனையில் பார்த்துவிட்டு, கவனிப்பில் வைத்திருக்கிறார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது. நானும் சித்தப்பாவும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டோம்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
நிம்மதி, தம்பி. இனி நிதானமாகச் செய்யுங்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி கட்டாயம். தோல் செருப்பு மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதைப் போடாதீர்கள். துணியைக் கட்டினால் ஆவி நிற்காது, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கதவு சன்னலைத் திறந்து வைத்துக் காற்று வரும் திசையில் நின்று வேலை செய்யுங்கள்.

காய்ந்த மணலோ மரத்தூளோ எடுத்து ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகக் கொட்டுங்கள். ஊறவிட்டு அள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள். தரை ஈரம் தெரியாத வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வெளியே, நனைந்த மண்ணை நெடி அடிக்கும் ஆழத்துக்கும் சற்றுக் கீழே வரை வெட்டி அதே டிரம்மில் சேர்த்துவிட்டு, புது மண் நிரப்புங்கள்.

உரக்கடை நண்பர்:
கடைசியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நஞ்சு முறிந்துவிடும் என்பார்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
நண்பரே, அந்த அறையில் யூரியா இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் யூரியாவோடோ அம்மோனியா உரங்களோடோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கண்டிப்பாக வேண்டாம். இந்த மருந்து காரத்தில் சிதையும் என்பதால் சலவைச் சோடாவும் சோப்புத்தூளும் கெட்டியாகக் கரைத்துத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டால் போதும். அந்தக் கரைசலையும் வெளியே தள்ளாமல் மணல் போட்டு உறிஞ்சி எடுங்கள். சிமென்ட்டுக்குள் மருந்து இறங்கியிருக்கும், ஒருமுறை தேய்த்தால் போகாது.

பவானிப் பாசனம்:
விதைநெல் மூட்டையின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. மேல் நெல்லைக் காயவைத்து எடுக்கலாமா? கேனையும் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்கிறார் சித்தப்பா.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:
இரண்டும் கூடாது. நெல் மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் கோழிக்கும் ஆகாது. மூட்டையோடு கழிவில் சேருங்கள். கேன் விஷயத்தில் சித்தப்பாவிடம் 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். பூச்சி மருந்து இருந்த கலனில் சமையல் எண்ணெயை வைத்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. கேனில் ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி நசுக்கிவிடுங்கள்.

டிரம்மில் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள். எரித்தால் புகையே நஞ்சு, கிணற்றோரம் புதைத்தால் நீருக்கு ஆபத்து. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தகவல் கொடுத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். வடிகாலில் கொஞ்சமாவது கலந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், கீழே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுபவர்கள் இருப்பார்கள்.

பவானிப் பாசனம்:
வடிகாலுக்குப் போகவில்லை, வரப்போடு நின்றுவிட்டது. மோட்டாரை எப்போது போடலாம்?

மோட்டார் மெக்கானிக்:
நெடி முழுக்க அடங்கிய பிறகு. ஸ்டார்ட்டர் பெட்டியில் தெறித்திருக்கிறதா என்று மெயின் நிறுத்திய நிலையிலேயே ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கிணற்று நீரைப் பரிசோதித்து முடிவு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.