எதிர்ச் சுவரில் மாட்டிய கான்வெக்ஸ் கண்ணாடியில் வண்டி வருவதே தெரியவில்லை, உதவுங்கள்

முட்டுச்சந்து:
அவசரம். வாசலிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது இரண்டு பக்கமும் மதில் மறைக்கிறது. கான்வெக்ஸ் கண்ணாடி (நடுவில் வெளியே புடைத்த ரகம்) வாங்கி எதிர்ச் சுவரில் மாட்டியாயிற்று. என் வண்டி மட்டும்தான் அதில் தெரிகிறது, தெருவில் வருவது எதுவும் தெரியவில்லை. கண்ணாடி மட்டமா, மாட்டியது தப்பா? நாளை வெல்டர் வருகிறார், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு:
என்ன அளவு? தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் எத்தனை மீட்டர்? தெரு அகலம்? ஒன்றுமே சொல்லாமல் மட்டமா என்று கேட்டால் எப்படி?

மழைக்காதலன்:
விடியற்காலையில் பார்த்தீர்களா? அப்படியென்றால் பனிதான். மேகமில்லாத இரவில் கண்ணாடியின் முகம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதில் ஈரம் படிந்து மங்கிப்போகும். மேலே தொப்பி வைத்த ரகமாகப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

பழைய_இரும்பு:
அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? இரண்டும் பிளாஸ்டிக்தான், ஆனால் அக்ரிலிக்கைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்திருந்தால் கதை முடிந்தது, மயிரிழை விரிசல் ஓடிவிடும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் துருப்பிடிக்காத எஃகுதான். பிம்பம் அத்தனை துல்லியமாக இருக்காது, ஆனால் பந்து பட்டாலும் கல் பட்டாலும் உடையாது.

முட்டுச்சந்து:
பனி இல்லை, பகலில்தான் பார்த்தேன். 30 செ.மீ. கண்ணாடி. உட்காரும் இடத்திலிருந்து கண்ணாடிக்கு 10 மீட்டர் இருக்கும். தின்னர் எல்லாம் போடவில்லை.

கோணமானி:
பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. ஒளியியல் பாடம் நடந்த அன்று எல்லோரும் விடுப்பு போலிருக்கிறது. சரி, கேளுங்கள்.

30 செ.மீ. விட்டமுள்ள குவி ஆடியின், அதாவது உங்கள் கான்வெக்ஸ் கண்ணாடியின், நடுப்பகுதி விளிம்பைவிட 2 செ.மீ. புடைத்திருந்தால் வளைவு ஆரம் (அதே வளைவை முழு உருண்டையாக்கினால் வரும் ஆரம்) சுமார் 57 செ.மீ. குவியத் தொலைவு அதில் பாதி. 20 மீட்டர் தள்ளி வரும் 1.5 மீட்டர் உயரக் காரின் பிம்பம் அதில் 2 செ.மீ. உயரம்தான் இருக்கும். அதை 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். வானத்து முழு நிலவு கண்ணுக்குத் தெரிகிற அளவில் கால்வாசி. இதில் வண்டி தெரியவில்லை என்று புகார் வேறு.

நட்டுபோல்ட்டு:
கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சிறிசாகத் தெரிகிறது என்றா சொன்னார்? தெரியவே இல்லை என்கிறார், தன் வண்டி தெரிகிறது என்கிறார். தம்பி, கண்ணாடியைச் சுவரோடு சுவராக, நேராக வாசலைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறீர்களா?

முட்டுச்சந்து:
ஆமாம், நேராகத்தான். கான்வெக்ஸ் என்றால் எல்லாப் பக்கமும் தெரியும் என்றார் கடைக்காரர்.

நட்டுபோல்ட்டு:
அதுதான் விஷயம். கோணமானி சொன்ன அதே புடைப்பு என்று வைத்துக்கொண்டால், நேராகப் பார்க்கும்போது நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி போலத்தான் தெரியும். தெருவில் தூரத்தில் வரும் வண்டியோ ஏறக்குறைய 80 டிகிரியில் இருக்கும். கண்ணாடியை எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமாக 40 டிகிரி திருப்புங்கள். அதாவது உங்களுக்கும் வண்டி வரும் இடத்துக்கும் நட்டநடுவே அது முகம் காட்ட வேண்டும்.

திருப்பினால் ஒரு பக்கம்தான் தெரியும். இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடி.

வெல்டர் வந்ததும் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரட்டும், இன்னொருவர் வண்டி வருகிற இடத்தில் நிற்கட்டும், மூன்றாவது ஆள் ஏணியில். இருக்கையில் இருப்பவருக்குத் தெருவில் நிற்பவர் கண்ணாடியில் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, பின்னால் பந்து மூட்டில் இருக்கும் போல்ட்டை இறுக்குங்கள். உள்நட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு நட்டு போடாவிட்டால் தன் எடையிலேயே மெல்லக் கவிழ்ந்து, கொஞ்ச நாளில் தரையைப் பார்த்து நிற்கும். அடி விளிம்பு 2 மீட்டருக்கு மேல் இருக்கட்டும், நடப்பவர் தலையில் இடிக்கக் கூடாது.

சைக்கிள்_ஓட்டி:
இந்தக் கண்ணாடிகளை நம்பித்தான் ஆட்கள் நிற்காமல் வண்டியை வெளியே விடுகிறார்கள். சைக்கிள் அந்தக் கண்ணாடியில் ஒரு கோடு. பிம்பம் சிறிதாக இருப்பதால் தூரத்தில் வருகிறது என்று நினைத்து வண்டியைத் தெருவில் இறக்கிவிடுவார்கள். வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டால் போதும்.

பழைய_இரும்பு:
வேகத்தடை தெருவில் போகிறவனை மெதுவாக்கும். மதில் மறைப்பதை என்ன செய்யும்? ராத்திரி முழுக்க தடக் தடக் என்று சத்தம் வேறு.

சைக்கிள்_ஓட்டி:
மெதுவாக வந்தால் மறைத்தாலும் நின்றுவிடலாம். அதோடு மதிலின் மூலையை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்களேன், எதுவுமே வேண்டாம்.

பழைய_இரும்பு:
அடுத்தவர் மதிலை நீங்கள் வந்து இடித்துத் தருகிறீர்களா?

மழைக்காதலன்:
கிழக்கையோ மேற்கையோ பார்த்த கண்ணாடி என்றால் காலை மாலை வெயில் கண்ணில் அடிக்கும், அதை யாரும் சொல்லவே இல்லை. கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் வானம் குறையும். பனியையும் மறக்காதீர்கள்.

கோணமானி:
கோணம் என்று நானும் சொல்லத்தான் வந்தேன். யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. அளவு போதாது என்பதில் மாற்றமில்லை. 60 செ.மீ., ஆரம் 2.2 மீட்டர் என்றால் அதே கார் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஆனால் வளைவு குறைவு என்பதால் பார்வைப் பரப்பு பாதியாகச் சுருங்கும், குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தால் இதைவிட மோசம்.

முட்டுச்சந்து:
திருப்பியதும் வலப்பக்கம் தெரிகிறது. பொடியாகத்தான். 60 செ.மீ. இரண்டு சொல்லியாச்சு. பழைய துளையிலேயே மாட்டலாமா?

நட்டுபோல்ட்டு:
மாட்டாதீர்கள். விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு, காற்று தள்ளுவதும் அதே கணக்கு. பழைய ஆணிக்கு அது தாங்காது. புதிதாகத் துளைக்க வேண்டும். சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா?

நட்டுபோல்ட்டு:
தம்பி, சுவர் என்ன சுவர்?