பொருள்: மேட்சிங் கிராண்ட் – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சிப் பேரிடர்க் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஓர் இயல் முழுக்க அரசுப் பணத்தை வாங்கிச் செலவழித்துக் கணக்குக் காட்டுவது பற்றியது. அதில் 'மேட்சிங் கிராண்ட்' மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எடுத்துக்காட்டு அமெரிக்காவுடையது: உள்ளூர் அவசரகால மேலாண்மைக்கு அந்நாட்டுப் பேரிடர் முகமையான ஃபீமா தரும் ஒரு நிதியில் பாதிச் செலவுக்கு மேல் தரமாட்டார்கள், மீதியை வாங்குகிறவர் போட வேண்டும். பணமாகப் போடலாம், தன்னார்வலர் உழைப்பாகவும் காட்டலாம். நம் மாநிலப் பேரிடர் நிதியில் ஒன்றியம் 75 விழுக்காடு, மாநிலம் 25 விழுக்காடு என்று போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான். 'இணை மானியம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

தக்கலையிலிருந்து:
மானியம் கூடவே கூடாது. உர மூட்டைக்குத் தருவது மானியம், சட்டமன்றத்தில் துறைக்குக் கேட்பது மானியக் கோரிக்கை, கோயிலுக்கு விட்ட நிலமும் மானியம். போதாததற்கு வடசொல். 'நல்கை' எதற்கு இருக்கிறது? வள்ளுவரே 'நசைஇயார் நல்கார் எனினும்' என்கிறார். என் பரிந்துரை 'ஈடு நல்கை'. கெடு கேடானது போல, இடு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் ஈடு. இடுவது ஈடு, பங்கைப் போடுவதும் இடுவதுதானே. திருவாய்மொழிக்கான நம்பிள்ளை உரைக்கு ஈடு என்று ஏன் பெயர் வந்தது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

குளச்சலிலிருந்து:
அண்ணாச்சி, ஈடு என்றால் இங்கே நகையை வைத்துப் பணம் வாங்குவது. கூட்டத்தில் 'ஈடு நல்கை' என்று சொன்னால் கம்மலைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தக் குறள் நிதித்துறைக்கே எழுதினது மாதிரி இருக்கிறது. பணம் வராவிட்டாலும் வரும் என்ற சேதியே காதுக்கு இனிக்கும்.

குழித்துறையிலிருந்து:
'ஒப்பு நிதி' எப்படி? அவர்கள் தருவதற்கு ஒப்ப நாம் இடுவது.

மார்த்தாண்டத்திலிருந்து:
விளவங்கோட்டுக்காரரா இதைச் சொல்வது! நம் பக்கம் ஒப்பு என்றால் கையெழுத்து. 'ஒப்பு நிதி எங்கே' என்றால் 'எங்கே ஒப்பு போடணும்' என்று பேனா தேடுவார்கள்.

தக்கலையிலிருந்து:
அது மலையாளத் தாக்கம் என்று யாரும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். கையொப்பம் என்பதில் இருப்பது அதே ஒப்புதான். 1956இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு வந்தபோது இந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
ஐயா, திங்கட்கிழமை. 'இணைப்பங்கு' சரிவருமா?

குளச்சலிலிருந்து:
நேற்று ராத்திரி அம்மையிடம் சொல்லிப் பார்த்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, "எந்தப் பங்கோட நம்ம பங்கை இணைக்கப் போறாவ? சாமியாருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கடற்கரையில் பங்கு என்றால் கத்தோலிக்கக் கோயிலின் பங்குதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் ஆட்களே சொந்த டீசலை ஊற்றி வள்ளமெடுத்துத் தேடப் போனார்கள். அமெரிக்கக் கணக்குப்படி அது நாம் போட்ட பங்காகுமா?

நாகர்கோவிலிலிருந்து:
அங்கே முதலில் நிதியும் திட்டமும் ஒப்புதலாக வேண்டும். ஒப்புதலான காலத்துக்குள், அந்தத் திட்டத்துக்காகச் செய்த உழைப்பு மட்டுமே சேரும். வந்தவர் பெயர், செய்த வேலை, மணிநேரம் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒரே உழைப்பை இரண்டு நிதிக்குக் காட்டக் கூடாது. புயல் அடிக்கும்போது யார் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள்?

தக்கலையிலிருந்து:
பணத்துக்குப் பதில் உழைப்பைக் கணக்கில் வைப்பதற்கு 'உழைப்பீடு' என்று சொல்லலாமே. பாருங்கள், ஈடு இல்லாமல் நடக்காது.

மார்த்தாண்டத்திலிருந்து:
வகுப்பில் இதை நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. நாம் இரண்டு பொருளுக்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். கிராண்ட் அவர்கள் தருவது, மேட்ச் நாம் போடுவது. 'இணை மானியம்' என்று படிக்கிற ஊராட்சித் தலைவர் இன்னொரு மானியம் வருகிறது என்றுதான் நினைப்பார். தன் கையிலிருந்து போக வேண்டும் என்று நினைக்கவே மாட்டார். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். அங்கே புழங்கும் சொல் பங்களிப்பு. நாம் போடுவதை 'உள்ளூர்ப் பங்களிப்பு' என்றும், அவர்கள் தருவதைப் 'பங்களிப்பு நிபந்தனை நிதி' என்றும் வைத்தால் குழப்பம் இல்லை. அழகும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

குழித்துறையிலிருந்து:
எனக்குச் சம்மதம். ஒப்பு போட்டுவிட்டேன்.

குளச்சலிலிருந்து:
எனக்கும். பங்களிப்பு என்றால் அம்மைக்குப் புரிகிறது. ஆனால் "எவ்வளவு?" என்று உடனே கேட்கிறாள்.

தக்கலையிலிருந்து:
பதின்மூன்று எழுத்து. போதாததற்கு நிபந்தனையும் நிதியும் வடசொல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லாக்கம் என்பது சொல்லை ஆக்குவது. நீங்கள் விளக்கவுரை எழுதியிருக்கிறீர்கள். 'ஈடுகேள் நல்கை' என்று வினைத்தொகையாக வைத்திருந்தால் எவ்வளவு கச்சிதம்.

நாகர்கோவிலிலிருந்து:
மூன்றுக்கு ஒன்று. டீச்சர் சொன்னதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் மேட்சிங் கிராண்ட் என்று தமிழெழுத்தில் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அடுத்த பக்கத்தில் மார்ச் 31க்குள் செலவாகாத பணம் 'லாப்ஸ்' ஆவது வருகிறது. காலாவதி என்று போட்டாயிற்று. யாரும் பதில் எழுத வேண்டாம்.

தக்கலையிலிருந்து:
காலாவதி வடசொல்.