முன் சக்கரமும் சீட்டும் களவு போச்சு: கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) பாகம் எங்கே கிடைக்கும்?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்திய சைக்கிளில் இப்போது மிஞ்சியது ஃபிரேமும் பின் சக்கரமும்தான். யூ-லாக் (யூ வடிவ இரும்புப் பூட்டு) அவை இரண்டையும் மட்டுமே பிடித்திருந்தது.

தேவை: 700சி அளவு முன் சக்கரம், அச்சு அகலம் 100 மி.மீ., டிஸ்க் பிரேக் தட்டை ஆறு போல்ட்டில் மாட்டும் வகை. சீட் தண்டு விட்டம் 27.2 மி.மீ. "27 போதும்லா" என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அந்த மெலிந்த தண்டு எவ்வளவு இறுக்கினாலும் ஓட்ட ஓட்டக் கீழே இறங்கும். தண்டைப் பிடிக்கும் கிளாம்பை மேலும் முறுக்கினால் ஃபிரேம் குழாயே நசுங்கும்.

சாவியே இல்லாமல் கையால் கழற்றும் குவிக் ரிலீஸ் இனி வேண்டாம். 5 மி.மீ. எல்லன் கீ (அறுகோணச் சாவி) வகையும் அரைகுறைதான், அந்தச் சாவி யாரிடம் இல்லை? தனிச் சாவி போட்டால் மட்டும் கழலும் ஸ்கியூவரும் (சக்கரத்தை ஃபிரேமோடு பிடிக்கும் அச்சுக் கம்பி) சீட் கிளாம்பும் எங்கே வாங்கலாம்? பழைய சாமான் என்றால் ரசீதோடு இருக்கட்டும். இன்னொருவர் பறிகொடுத்ததை வாங்க மனமில்லை.