டாக்ஸோ டெஸ்ட் பாசிட்டிவ், பூனைகளை விட்டுவிடவா?

செந்தூல் தங்கச்சி:
அக்காமார்களே, எனக்கு 11 வாரக் கர்ப்பம். பிரைவேட் கிளினிக்கில் ரத்தம் எடுத்ததில் டாக்ஸோபிளாஸ்மா (பூனை மலம், வேகாத இறைச்சி வழியாகத் தொற்றும் கிருமி) ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டுமே பாசிட்டிவ். பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னதோடு சரி, வேறு விளக்கமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இரண்டு பூனை வளர்க்கிறேன். மாமியார் அவற்றை இன்றைக்கே பாசார் (சந்தை) பக்கம் விட்டுவிடச் சொல்கிறார். பிள்ளைக்கும் தொற்றியிருக்குமா? தூக்கமே வரவில்லை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி:
பயப்படாதேம்மா. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குபவை. ஐஜிஎம் முதலில் வருவது, ஆனால் சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ரத்தத்தில் நிற்கும், சில நேரம் தப்பாகவும் காட்டும், அதை மட்டும் வைத்து இப்போதுதான் தொற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. தொற்று பழையதா புதியதா என்று பார்க்கும் ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட் கேள். உன் வாரத்தில் அது 'ஹை' என்று வந்தால் கர்ப்பத்துக்கு முன்பே வந்துபோன தொற்று, பிள்ளைக்குப் போவது மிக அபூர்வம். நாள் தள்ளினால் இந்த டெஸ்ட் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது, அதனால் இந்த வாரமே போ. புதுத் தொற்றாகவே இருந்தாலும் ஸ்பைராமைசின் மாத்திரை இருக்கிறது, 18 வாரத்துக்கு அப்புறம் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். ஆரம்ப மாதங்களில் பிள்ளைக்குக் கடப்பது குறைவு, கடந்தால்தான் பாதிப்பு அதிகம்.

ஆயர் ஈத்தாம் வாசி:
பாவம், பூனையை விடாதீர்கள். முதல்முறை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம்தான் அதன் மலத்தில் கிருமி முட்டை வரும், அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனால்தான் தொற்றும். வீட்டுக்காரர் தினமும் பூனை மலம் கழிக்கும் மண்ணை அள்ளிப் போட்டால் போதும். நான் அதிகம் பயப்படுவது உள்ளே சிவப்பாக இருக்கும் ஆட்டு சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), மண்ணோடு வரும், பச்சையாகத் தின்னும் உலாம் கீரை, இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவது, இவற்றுக்குத்தான்.

பூச்சோங் அம்மா:
என் மகனுக்கு இது வந்தது. பிறந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தான், கண் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் விழித்திரையில் தழும்பு தெரிந்தது. பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் ஆசிட் என்று முதல் பிறந்தநாள் வரை மருந்து. சின்ன மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக் கரைத்துக் கொடுப்பேன், ரத்த அணு குறையாமல் இருக்கிறதா என்று அடிக்கடி ஊசி வேறு. இப்போது பள்ளிக்கூடம் போகிறான், கண் செக்கப் மட்டும் விடுவதில்லை, பல வருஷம் கழித்தும் திரும்ப வரலாம் என்பதால். உங்கள் டெஸ்டில் புதுத் தொற்று என்று வந்தால், பிள்ளைக்கு ரத்தம், கண், மண்டை ஸ்கேன் மூன்றும் பார்க்க வேண்டும் என்று பிங்க் புக்கிலேயே (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) எழுதி வாங்கிவிடுங்கள்.

செந்தூல் தங்கச்சி:
நன்றி அக்கா. நாளைக் காலையே அவிடிட்டிக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். பூனைகள் இங்கேயேதான், மாமியாரிடம் அவர் பேசிவிட்டார்.