ஒரே கட்டுரைக்கு 58, 74: அசைன்மென்ட் திருத்தப் பொது அளவுகோல் சாத்தியமா?

கேள்வி:
இளங்கலை இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு பெரியது, அதனால் அசைன்மென்ட்களை நானும் இன்னொரு ஆசிரியரும் பிரித்துக்கொண்டு திருத்துகிறோம். சும்மா பார்ப்போமே என்று ஒரு கட்டுரையை மட்டும் இருவரும் தனித்தனியாகத் திருத்தினோம். நான் போட்டது 58, அவர் போட்டது 74. இத்தனைக்கும் இருவர் கையிலும் ஒரே ரூப்ரிக்தான் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரித்துச் சொல்லும் அட்டவணை): கருத்து, வாதம், சான்று, அமைப்பு, மொழி, தலைக்கு 20.

நடை அவ்வளவு அழகு, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை! "இப்படி எழுதுகிற பிள்ளைக்கு எப்படிங்க குறைக்கிறது?" என்கிறார் அவர். எனக்கோ, தட்டுத்தடுமாறியாவது கேள்வியோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைதான் பெரிதாகத் தெரிகிறது. யார் கையில் தாள் விழுகிறதோ அதுதான் தலையெழுத்து என்றால் ரூப்ரிக் எதற்கு?

பதில் 1:
16 மதிப்பெண்ணுக்கே மலைக்காதீர்கள். 1912-ல் ஸ்டார்ச், எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கிலத் தாளை 142 ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். 64-லிருந்து 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று தள்ளவும் முடியாது. 1913-ல் வடிவியல் தாளைக் கொடுத்தபோது இடைவெளி இன்னும் அகலமானது.

உங்கள் கதைக்கு நெருக்கமானது 1961-ல் டீடரிக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு செய்தது. 53 பேர், 300 கட்டுரைகள். திருத்தியவர்கள் எதை மதிக்கிறார்கள் என்று பார்த்தால் ஐந்து வகையாகப் பிரிந்தார்கள். கருத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகை, பிழை தேடுபவர்கள் ஒரு வகை, நடைக்கு மயங்குபவர்கள் ஒரு வகை, இப்படி. நீங்கள் ஒரு கட்சி, அவர் ஒரு கட்சி, அவ்வளவுதான்.

பதில் 2:
ரூப்ரிக்கில் "மிக நன்று", "நன்று", "சுமார்" என்று எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். அது மதிப்பெண்ணையே வேறு வார்த்தையில் சொல்வது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்ததை எழுதுங்கள்: "மாற்றுக் கருத்து ஒன்றை எடுத்து அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்", "ஒவ்வொரு சான்றும் எதை நிறுவ வந்தது என்று தெரிகிறது".

பிறகு கட்டிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து, பெயரை மறைத்து, இருவரும் தனியாகத் திருத்துங்கள். ரூப்ரிக்கின் எந்தக் கட்டத்தில் விலகுகிறீர்களோ அங்கே மட்டும் சண்டை போடுங்கள். அந்தத் தாள்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மீதியைத் தொடங்கலாம். நடுவில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும் நல்லது. ராத்திரி பத்து மணிக்குத் திருத்தும் கை வேறு, காலைக் கை வேறு.

பதில் 3:
நான் மாணவி. அந்த ரூப்ரிக்கை அசைன்மென்ட் கொடுக்கும் அன்றே கொடுங்கள். மார்க்கோடு சேர்த்துக் கொடுத்தால் அது எங்களுக்குத் தீர்ப்பு நகல் மாதிரி. இன்னொன்று, ஓரத்தில் "இன்னும் ஆழம் தேவை" என்று எழுதாதீர்கள் சார். எந்தப் பத்தியில் என்று சொன்னால் தோண்டுவோம்.

கேட்டவர்:
நன்றி. மாணவி சொன்னது சுருக்கென்று பட்டது, ஓரக்குறிப்பை மாற்றுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மொழிக்கு 20-ஐ 10 ஆக்கினால் போதுமா?

பதில் 2:
போதாது. அழகான நடை மொழிக் கட்டத்தோடு நிற்காது. வாதத்துக்கும் அமைப்புக்கும் சேர்த்து மார்க் வாங்கிக் கொடுத்துவிடும். கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மொத்தம் 50-ஐத் தாண்டாது என்று மேலேயே ஒரு வரி போட்டு, வகுப்பிலும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். உங்கள் சக ஆசிரியர் அதற்கு ஒத்துக்கொள்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.