துரின் நகர மையத்தில் நல்ல சாக்லேட் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
அலுவலகப் பணியாக இத்தாலியின் துரின் நகருக்குச் செல்லவிருக்கிறேன். பியாட்சா காஸ்தெல்லோ சதுக்கத்தை ஒட்டித் தங்குவதால், நடந்து செல்லும் தொலைவில் தரமான சாக்லேட்டும், பாலில் பொடியைக் கரைத்துத் தருவதாக இல்லாத சூடான சாக்லேட்டும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
கொன்சொலாத்தா தேவாலயத்துக்கு எதிரே, 1763இல் தொடங்கப்பட்ட அல் பிச்செரின் என்னும் காபிக்கடைக்கு முதலில் செல்லுங்கள். பிச்செரின் என்பது சூடான காபியும் கெட்டியான சாக்லேட்டும் அடியிலும், குளிர்ந்த பாலேடு மேலேயுமாகக் கண்ணாடிக் குவளையில் தரப்படும் பானம். அதைக் கலக்காமல் பருகினால்தான் குளிர்ந்த ஏட்டின் ஊடாகச் சூடு நாவில் இறங்குவதை உணர முடியும். கடை மிகச் சிறியது என்பதால் வேலைநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

மறுமொழி 2:
காபி வேண்டாமென்றால் 'சொக்கொலாத்தா கால்தா' (சூடான சாக்லேட்) என்று கேளுங்கள். பெரும்பாலும் கரண்டியால் எடுத்து உண்ணும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். சதுக்கத்திலேயே உள்ள பராத்தி மிலானோ காபிக்கடையில் அதை அருந்தலாம். வாங்கி வருவதற்கு, ஹேசல்நட் என்னும் கொட்டைப்பருப்பை அரைத்துச் சேர்த்த, கவிழ்த்த தோணியின் வடிவிலுள்ள ஜாந்துயோத்தோ என்னும் சாக்லேட்டே என் தேர்வு. லக்ராஞ்சே தெருவில் குயிதோ கொபினோ சாக்லேட் கடை இருக்கிறது. வேறெங்கு வாங்கினாலும் உறையில் ஹேசல்நட்டின் விழுக்காட்டைப் பார்த்து வாங்குங்கள்.

மறுமொழி 3:
வீட்டில் யாருக்கேனும் கொட்டைப்பருப்பு ஒவ்வாமை இருந்தால் ஜாந்துயோத்தோவைத் தவிர்த்துவிடுங்கள்.