பனிச்சரிவில் பனிச்சரிவு

கோத்தகிரி, மொழிபெயர்ப்பவர்:

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் அவசரம். குளிர்கால மலைகளில் ஸ்கீ கட்டி ஏறி நிலக்காட்சிப் படம் எடுப்பது பற்றி 32 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உதகையில் பயிற்சி முடித்து பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சு. ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற ஸ்கின்னுக்கு “ஏறுபட்டை” என்று போட்டுவிட்டேன் (மோஹேர் அல்லது நைலான் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது). அதில் சண்டை வேண்டாம். சிக்கல் 11ஆம் பக்கத்தில்:

“30 முதல் 45 பாகை வரையுள்ள பனிச்சரிவுகளில்தான் பனிச்சரிவு மிகுதி. படம் எடுப்பதற்காகப் பனிச்சரிவின் நடுவிலோ அடியிலோ நிற்காதீர்கள்.”

முதலாவது பனி கிடக்கிற இடம், இரண்டாவது பனி பெயர்ந்து சரிகிற நிகழ்ச்சி, மூன்றாவதும் இடம். மெய்ப்புப் பார்த்தவர் மூன்றாவதை நிகழ்ச்சியாகப் படித்துவிட்டு, “பனி சரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் எவன் நின்று படம் எடுப்பான்?” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். எச்சரிக்கை வேடிக்கையாகிவிட்டது. நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் உள்ளபடி அவலாஞ்ச் என்றே எழுதலாமென்றால் நீலகிரிக்காரருக்கு அவலாஞ்சி ஓர் அணைக்கட்டு. “அவலாஞ்ச் வரும் இடத்தில் நிற்காதீர்கள்” என்றால் பேருந்து நிறுத்தம் என்று நினைப்பார்கள்.

இரண்டு சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

பண்ணைக்காடு, தமிழாசிரியர் (ஓய்வு):

அன்புடையீர்,

நோய்முதல் நாடுவோம். பனியினது சரிவு என விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை, நிகழ்ச்சியைக் குறிக்கும். பனியையுடைய சரிவு என விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, இடத்தைக் குறிக்கும். சரிவு என்னும் தொழிற்பெயரே ஆகுபெயராய் இடத்துக்கும் நின்றுவிட்டதால் வந்த வினை இது.

இடத்துக்குப் பழஞ்சொற்கள் உண்டு: சாரல், அடுக்கம், கவான், சிலம்பு. பனியும் நமக்குப் புதிதன்று. “வடாஅது பனிபடு நெடுவரை” என்று புறநானூறு இமயத்தைச் சொல்கிறது. ஆகவே இடம் “பனியடுக்கம்” அல்லது “பனிச்சாரல்”. நிகழ்ச்சிக்கு அல் விகுதி கொடுத்துப் “பனிச்சரியல்” என்க. தீர்ந்தது.

கொடைக்கானல், ஸ்டூடியோக்காரர்:

ஐயா, தீரவில்லை. பனிச்சாரல் என்றால் குற்றாலத்தில் பனி தூறுகிறது என்பார்கள். அடுக்கம் என்றால் கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறுகிற வழியில் இருக்கிற ஊர். பனிச்சரியலை என் கடைப் பையனிடம் படித்துக் காட்டினேன். “பனி சரியல்ல என்கிறீர்களா அண்ணா?” என்றான்.

குன்னூர், புவியியல் ஆசிரியை:

வணக்கம். அவலாஞ்சுக்குப் பனிச்சரிவு என்பது நாளிதழ், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் நிலைத்துவிட்டது. மலைமக்கள் மண்சரிவு என்ற சொல்லை நாள்தோறும் புழங்குகிறவர்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு என்றால் யாரும் இடமா நிகழ்ச்சியா என்று கேட்பதில்லை. அதன் இணையாகப் பனிச்சரிவு தானே விளங்கும். அவலாஞ்சி என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய மண்சரிவால் வந்தது என்றுதான் சொல்வார்கள்.

நிகழ்ச்சியைத் தொடாதீர்கள், இடத்தின் பெயரை மாற்றுங்கள். “சாய்வு” போதும். சாய்தளம் என்று இயற்பியலில் படித்த பிள்ளைகள்தானே.

உதகை, மலையேற்றப் பயிற்சியாளர்:

சொல் எதுவானாலும், அந்த வாக்கியம் எதைச் சொல்ல வருகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளமாகப் பெயரும் பனி. காற்று அடித்துக் கெட்டித்த அடுக்கு மேலே, பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு அடியில். மேலே ஒருவர் கால் வைக்கிறார்; அடியடுக்கு நொறுங்குகிறது; விரிசல் பக்கவாட்டில் ஓடி, மொத்தப் பாளமும் ஒரே மூச்சில் கழன்று இறங்குகிறது. 30 பாகைக்குக் குறைந்தால் இழுவிசை பெரும்பாலும் போதாது. 45க்கு மேல் பனி அவ்வப்போது தானே உதிர்ந்துவிடுவதால் கனத்த பாளம் கட்டுவது குறைவு. 38ஐ ஒட்டித்தான் மிகுதி. வம்பு என்னவென்றால், ஸ்கீயில் இறங்கச் சுகமான சாய்வும் அதுவே, படத்தில் எடுப்பாக விழுவதும் அதுவே.

“அடியில் நிற்காதீர்கள்” என்பதை இன்னும் அழுத்தி எழுதுங்கள். அடிவாரம் தட்டையாக இருக்கும், டிரைபாட் நிறுத்த வாகாக இருக்கும், ஆபத்து மேலேதானே என்று தோன்றும். மேலே பெயர்வதெல்லாம் வந்து குவிகிற இடம் அதுதான். பிடிப்பில்லாத அடுக்கு பரவியிருந்தால், கீழே நடப்பவரின் எடையாலேயே மேலே பாளம் கழன்றுவிடுவதும் உண்டு.

இன்னொன்று. கையேட்டில் ஐஸுக்கெல்லாம் “உறைபனி” என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தப் பிடிப்பில்லாத அடுக்கு பல நேரம் எது தெரியுமா? நம் உறைபனிதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது; காற்றின் ஈரம் அதன்மேல் இறகு இறகாகப் படிகம் கட்டி நிற்கிறது. டிசம்பரில் தலைகுந்தாவிலும் காந்தளிலும் விடிகாலையில் புல்நுனியில் நிற்பதும் இதே வழியில் வருவதுதான். இங்கே எட்டு மணி வெயிலில் உருகிப்போகும். அங்கே மறுநாள் பெய்கிற பனி அதை மூடிவிடும். மூடியபின் செங்குத்தாக நிறுத்திவைத்த கண்ணாடிச் சில்லுகள் மாதிரி வாரக்கணக்கில்கூட உள்ளே கிடக்கும், யாராவது மிதிக்கும் வரை.

காலை வெயிலில் பனிப்பரப்பு மினுமினுப்பதைப் பார்த்தால் ஒளிப்படக்காரர் மண்டியிட்டு மேக்ரோ எடுக்காமல் விடமாட்டார். எடுக்கட்டும். ஆனால் எந்தச் சாய்வில் எடுத்தோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பனிப்பொழிவுக்குப் பின் ஒதுங்கவேண்டிய இடம் அது. நம் ஊர்ச் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தால் நீலகிரி வாசகருக்கு இது ஒரே வரியில் விளங்கும். ஐஸுக்கும் அதையே செலவழித்துவிட்டால் விளங்காது.

குன்னூர், ஆசிரியை:

இதற்காகவே இந்த இழை தொடங்கியது நல்லதாயிற்று. மலையில் நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி மூன்றையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. கார்த்திகை வாக்கில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தேயிலை கருகுவது இரண்டாவதில். வானிலிருந்து விழுகிற பனிக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் ஏறக்குறைய 2,650. உயரம் ஒன்றுதான், அகலாங்கு 11 எங்கே, 34 எங்கே!

கூடலூர், வாசகர்:

அந்தப் பனிக்கு “மஞ்சு” என்று வைத்தால் என்ன? மலையாளத்தில் மஞ்ஞு, கன்னடத்தில் மஞ்சு, தமிழிலும் மஞ்சு உண்டு. மஞ்சுமலை, மஞ்சுப்பொழிவு, மஞ்சுச்சரிவு. பனியை நாம் நீர்ப்பனிக்கே வைத்துக்கொள்ளலாம்.

பண்ணைக்காடு, தமிழாசிரியர்:

தமிழில் மஞ்சு மேகம். “மஞ்சு தவழும் மலை” என்று எழுதிப் பழகிய கையால் அதைப் பனி என்று எப்படி எழுதுவது? மலையாள மஞ்ஞிலும் மூடுபனி, பனித்துளி, வெண்பனி எல்லாம் அடக்கம். அண்டை வீட்டுக் குழப்பத்தையும் வாடகைக்கு எடுக்கவேண்டியதில்லை.

மற்று, பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருள். கண்ணீரும் பனியே, “பசந்து பனிவாரும் கண்” குறள். குளிர், நடுக்கம், துளி மூன்றும் ஒரே வேரில் கூடுவதை நோக்குக. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு “பனியெதிர் பருவமும் உரித்தென” மொழிந்ததும் இங்கே எண்ணத்தக்கது. இது பற்றி விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பவர்:

ஐயா, தனி மடலிலேயே எழுதுங்கள். இன்று செவ்வாய்.

கொடைக்கானல், ஸ்டூடியோக்காரர்:

சாய்வுக்கு என் ஓட்டு. ஆனால் பக்கம் 18ஐப் பாருங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை “வெளிப்பாட்டு இழப்பீடு” என்று போட்டிருக்கிறது. விபத்து வழக்கில்தான் இழப்பீடு. “வெளிச்ச ஈடு” என்று வையுங்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால் அழுக்கு வேட்டி மாதிரி படம் வரும். கூட்டி ஈடு செய்யவேண்டும்: வெயிலில் +1 முதல் +1⅔, சட்டம் முழுக்கப் பனி என்றால் +2 வரை. ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். பனியின் மணல்மணலான மேற்பரப்பு போய்விட்டால் ரா (RAW) கோப்பிலும் திரும்ப வராது. போலரைசர் வடிகட்டியை முழுக்கத் திருப்பாதீர்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். வைட் லென்ஸில் பாதி வானம் கருத்தும் பாதி வெளுத்தும் போகும்.

“கூடாரத்துக்குள் வந்ததும் கேமராவைத் துடைக்கவும்” என்பது தலைகீழ். உள்ளே நுழையும் முன்பே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடவேண்டும். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸின் மேல் படியாது. சூடு ஏறும் வரை திறக்கக்கூடாது. உதிரி பேட்டரி சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில்.

அப்புறம் ஐயாவுக்கு ஒரு வேலை. மலைமுகட்டில் காற்று அடித்து அடித்துப் பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, கார்னிஸ். அதற்கு என்ன?

பண்ணைக்காடு, தமிழாசிரியர்:

கூரையின் வெளிநீட்டம் இறவாரம். எனவே “பனியிறவாரம்”. இறப்பு என்றும் அதற்குப் பெயர் உண்டு. “பனியிறப்பு” என்றும் கொள்ளலாம்.

உதகை, பயிற்சியாளர்:

பனியிறப்பு வேண்டாம் ஐயா, கேட்டவுடன் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இறவாரம் அருமை. ஓரத்தில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுக்கப் போகிறவருக்குக் காலடியில் பாறையா, வெறும் நீட்டமா என்று தெரியாது. உடையும்போது நீட்டம் மட்டும் உடையாது. பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளி, திடம் என்று நினைத்த இடத்திலிருந்தே பிய்த்துக்கொண்டு போகும். ஓரத்திலிருந்து நன்றாகப் பின்வாங்கி நிற்கவேண்டும்.

மறந்துவிட்டேன். பீக்கன், அதாவது புதைந்தவரைக் கண்டுபிடிக்கிற 457 கிலோஹெர்ட்ஸ் கருவி, அனுப்பும் நிலையில் இருக்கும்போது கேமராவும் போனும் 20 செ.மீ. தள்ளியிருக்கவேண்டும், தேடும் நிலையில் 50 செ.மீ. இரண்டையும் மார்பிலேயே கட்டிக்கொள்வதுதான் வழக்கமான தப்பு. கேமராவைப் பையின் தோள்வாரில் கிளிப்பில் மாட்டலாம். மார்பில்தான் வேண்டுமென்றால் பீக்கனை ஜிப் வைத்த கால்சட்டைப் பைக்கு மாற்றலாம்.

பண்ணைக்காடு, தமிழாசிரியர்:

சாய்வை ஒத்துக்கொள்கிறேன், மனமில்லாமல். ஆனால் நிகழ்ச்சிக்குச் சரிவு என்பது வறட்சி. முருகாற்றுப்படையின் முடிவில் “இழுமென இழிதரும் அருவி” என்று வருகிறது. மலையிலிருந்து இறங்குவதற்கு நம் முன்னோர் இட்ட சொல் இழிதல். ஆகவே “இழிபனி”. வினைத்தொகை: இழிந்த பனி, இழிகின்ற பனி, இழியும் பனி. முக்காலத்து ஆபத்தும் ஒரு சொல்லில் அடங்குகிறது.

குன்னூர், ஆசிரியை:

ஐயா, சொல் அழகு. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை இழி என்றதும் இழிவு என்றுதான் படிக்கும். முக்காலமும் அடங்குவதுதான் இங்கே கோளாறும். இறங்கிவிட்டதா, இனிமேல் இறங்குமா என்பதை வைத்துத்தானே அங்கே ஆள் பிழைப்பது.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பவர்:

வியாழன் இரவு. கோப்பை மூடுகிறேன். இடம் சாய்வு, நிகழ்ச்சி பனிச்சரிவு, பாளமாகப் பெயர்வது பாளச்சரிவு, பொடியாக உதிர்வது உதிர்சரிவு, கார்னிஸ் பனியிறவாரம். உறைபனி புல்நுனியிலும் பனிப்பரப்பிலும் இறகாக நிற்பதற்கு மட்டும். ஐஸ் ஐஸாகவே இருக்கட்டும். 11ஆம் பக்கம் இப்போது:

“சாய்வு 30 முதல் 45 பாகை வரை இருந்தால் பனிச்சரிவு மிகுதி. அத்தகைய சாய்வின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அடிவாரம் தட்டையாக இருந்தாலும் அங்கேயும் நிற்காதீர்கள். மேலே பெயர்வது அங்கேதான் வந்து குவியும்.”

மெய்ப்புப் பார்த்தவர் இந்த முறை ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பண்ணைக்காடு, தமிழாசிரியர்:

அடிக்குறிப்பாக “இழிபனி என்றும் கூறுவர்” என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்குமா?

கோத்தகிரி, மொழிபெயர்ப்பவர்:

இடம் இருக்கிறது ஐயா. கூறுவர் என்றால் யார்?

பண்ணைக்காடு, தமிழாசிரியர்:

நான்தான். மரியாதைப் பன்மை.